ஸ்கோர் நோட்டை அந்தப் பையன் கையிலிருந்து வாங்குங்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன் புளியமரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவன். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வேலூர் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி முடித்து, மடக்கு வீல்சேரில் பள்ளிக்கு வருகிறான். ஏழாம் வகுப்பில் பார்வை முழுவதும் இல்லாத மாணவி ஒருத்தி. எட்டாம் வகுப்பில் மூளை முடக்குவாதத்தால் கை, கால் விறைப்புள்ள ஒரு மாணவன். பி.டி. பீரியடில் பெரியவன் ஸ்கோர் எழுதுகிறான், மற்ற இருவரும் வேப்பமரத்தடியில் பைகளுக்குக் காவல். பழைய மாணவர்கள் 40,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் வீல்சேர் வாங்கலாமா? மைதானம் மண் தரை. மேடைக்கு முன்னால் 50 அடிக்கு 30 அடி சிமெண்ட் தரை இருக்கிறது. "ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று எச்.எம். கேட்கிறார்.

பதில்: ஸ்போர்ட்ஸ் வீல்சேர் இப்போது வேண்டாம்.

அது நல்ல பொருள்தான். சக்கரங்கள் மேலே உள்வாங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். அதனால் சட்டென்று திரும்பும், பக்கவாட்டில் எளிதில் கவிழாது. ஆனால் அது ஆளுக்கு அளவெடுத்துச் செய்வது. உங்கள் பையனுக்கு 14 வயது இருக்கும். இன்று எடுக்கும் இடுப்பளவும் தொடையளவும் இரண்டு வருடத்தில் மாறிவிடும். சாய்ந்த சக்கரத்தோடு வகுப்பறைக் கதவில் நுழைவது கஷ்டம். வைக்கப் பூட்டுள்ள அறை வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு அவன் மாறி உட்கார ஆள் வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பென்றால் விலை லட்சங்களில். இதைவிடப் பெரிய சிக்கல், நாற்காலி வந்த பிறகும் அவன் யாரோடு எதை விளையாடுவான் என்ற கேள்வி அப்படியே நிற்கும். பல பள்ளிகளில் நன்கொடைப் பொருள் ஸ்டோர் ரூமில் தூசு படிவது இதனால்தான்.

வேறு பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். வகுப்பு ஏற்கெனவே விளையாடும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் உடம்பு விளையாட்டைத் தொடும் இடம் எது என்று பாருங்கள். பெரியவனுக்கு இருக்கையும் கையும், மாணவிக்குக் காது, சின்னவனுக்குப் பிடி. அந்த இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள். ஆட்டமும் கூட ஆடும் பிள்ளைகளும் மாற வேண்டியதில்லை. சேலம் மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது அவருக்கென்று தனிக் கம்பம் நடவில்லை. காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் 2024-இல் பாரிஸில் வெள்ளி வென்ற பேட்மிண்டன் எஸ்யூ5 (கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான) பிரிவு வழக்கமான முழுக் கோர்ட்டில், வழக்கமான நெட்டில் ஆடப்படுவது. எல்லாக் குறைபாட்டுக்கும் விசேஷக் கருவி வேண்டும் என்பது கடைக்காரர்கள் வளர்த்த எண்ணம்.

வீல்சேர் பையனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கேதான் ஆபத்தும் அதிகம்.

முதலில் அவனுடைய டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பாருங்கள். T10 என்றோ D10 என்றோ அடிபட்ட இடம் எழுதியிருக்கும். இரண்டு எழுத்தும் ஒன்றுதான், நெஞ்சுப் பகுதி எலும்பின் எண். அடி நெஞ்சுப் பகுதியின் 6-ஆம் எலும்பிலோ அதற்கு மேலேயோ (6 முதல் 1 வரை, அல்லது கழுத்து) என்றால் உடம்பின் பெரும்பகுதி வியர்க்காது, வெயிலில் சூடு ஏறிக்கொண்டே போகும். சிறுநீர்ப்பை நிரம்பினாலோ இறுக்கமான பெல்ட் அழுத்தினாலோ ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலைவலி மண்டையைப் பிளக்கும், முகம் சிவந்து நெற்றி வியர்க்கும். அப்போது படுக்கவைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, சிறுநீர் போக வழிசெய்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவனுக்கு அடி இன்னும் கீழே இருக்கலாம், அப்படியானால் இந்தப் பயம் குறைவு. ஆனாலும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. முதுகில் ராடு, ஸ்க்ரூ வைத்திருக்கிறார்களா, புண் ஏதாவது இருக்கிறதா, சிறுநீர் எத்தனை மணிக்கு ஒரு முறை குழாய் வைத்து எடுக்கிறான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாற்காலி. மடக்கு வீல்சேர் பெரும்பாலும் 18 அங்குல இருக்கையோடு பெரியவர்களுக்காகச் செய்தது. பையனை உட்காரவைத்து, இடுப்பின் இரு பக்கமும் இரண்டு அட்டைப் புத்தகத்தை ஒட்டி நிறுத்தி, புத்தகங்களுக்கு நடுவில் டேப் வைத்து அளவெடுங்கள். 13 அங்குலம் வந்தால் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளியில் அவன் உடம்பு வழுக்கும். ராக்கெட்டை வீசும் சக்தியில் பாதி அந்த வழுக்கலிலேயே போய்விடும். கெட்டியான ஈ.வி.ஏ. ஷீட்டை (செருப்புக்குப் போடும் ஃபோம்) இரு பக்கமும் அடுக்கி, பக்கத்துக்கு ஒரு விரல் மட்டும் இடம் விடுங்கள். இந்த ஷீட்டுக்கு அலைய வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

ரெக்சின் இருக்கை நாளடைவில் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும். தொய்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, ஒரே எலும்பின் மேல் பாரம் இறங்கும். 12 மி.மீ. பிளைவுட்டை இருக்கையின் அளவுக்கு வெட்டி, ஓரங்களை உப்புத்தாள் போட்டு மழுக்கி, மெத்தைக்கு அடியில் வையுங்கள். பலகையின் முன்பக்கத்துக்கு அடியில் ஓர் அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) அடித்தால் முட்டி கொஞ்சம் உயர்ந்து, உடம்பு பின்னால் பதிந்து உட்காரும். வயிற்றுத் தசைக்குப் பலம் இல்லாதவனுக்கு இதுவே பாதிப் பிடிமானம். ஓர் அங்குலத்துக்கு மேல் உங்கள் இஷ்டத்துக்கு உயர்த்தாதீர்கள். உட்காரும் எலும்பில் பாரம் கூடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தையை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அது நைந்துவிட்டதா என்று தெரிய, அவன் உட்கார்ந்திருக்கும்போது மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை விடுங்கள். எலும்பு நேராகக் கையில் குத்தினால் மெத்தை செத்துவிட்டது. 40,000 ரூபாயில் முதல் செலவு அதுதான்.

பெல்ட் மூன்று வேண்டும். ஒன்று இடுப்பில், 45 டிகிரி சாய்வில், தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் வர வேண்டும். இரண்டாவது தொடையின் நடுவில். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: கெண்டைக்காலுக்குப் பின்னால் குறுக்காக ஓடும் பட்டை. இது இல்லாவிட்டால் கால் பின்னால் நழுவி, ஃபுட்ரெஸ்ட்டுக்கும் முன் சக்கரத்துக்கும் இடையில் மாட்டும். வலி தெரியாததால் பையன் தள்ளிக்கொண்டே இருப்பான், கால் எலும்பு முறிந்தது சாயங்காலம் வீங்கிய பிறகுதான் தெரியும். அடிபட்ட பிறகு கால் எலும்புகள் மெலிந்து போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 5 செ.மீ. அகலப் பை நாடாவே பட்டைக்குப் போதும். ஆனால் ஸ்கூல் பையின் பிளாஸ்டிக் பக்கிள் வேண்டாம், இழுவிசையில் தெறிக்கும். கார் பெல்ட் மாதிரி பட்டன் அமுக்கினால் திறக்கும் இரும்புப் பக்கிள் போடுங்கள். அவனே ஒரு கையால் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாடாவை நாற்காலியின் குழாயில் கட்ட வேண்டும், முதுகுத் துணியில் தைத்தால் கிழியும்.

இனி பின்னால் கவிழாமல் இருக்க இரண்டு குட்டிச் சக்கரங்கள். தலைக்கு மேல் வரும் இறகுப்பந்தை அடிக்க அவன் பின்னால் சாயும் அந்த நொடியில்தான் நாற்காலி மல்லாக்கும். பெரிய சக்கரத்தின் அச்சிலிருந்து ஓர் அடி பின்னால் நீளும் இரண்டு இரும்புக் குழாய், நுனியில் 2 அங்குலச் சக்கரம். தரைக்கும் அந்தச் சக்கரத்துக்கும் 3 செ.மீ. இடைவெளி. இதை அதிகமாக விட்டால் நாற்காலி வேகம் எடுத்துச் சாய்ந்து, குட்டிச் சக்கரத்தையும் தாண்டிக் கவிழும். குறைத்தால் சாய்தளத்தில் ஏறும்போது குட்டிச் சக்கரம் தரையில் ஊன்றி, பெரிய சக்கரம் தூக்கிக்கொண்டு சும்மா சுழலும். வெல்டிங் பட்டறையில் நாற்காலியையே நீட்டி "இதில் பிடிச்சுடுங்க" என்று சொல்லாதீர்கள். குரோம் பூசிய மெல்லிய குழாய் சூட்டில் பலம் இழந்து, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே முறியும். அந்தப் புகையும் விஷம். குழாயைத் தனியாகச் செய்து, யூ கிளாம்ப் போட்டு, லாக் நட்டால் இறுக்குங்கள்.

டயர் விஷயத்தில் நம் ஊரில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வீல்சேர் சக்கரம் 24 அங்குலம், சைக்கிள் கடையிலும் 24 அங்குல டயர் இருக்கும். வாங்கி வந்தால் ஏறாது. டயரின் பக்கவாட்டில் பாருங்கள். வீல்சேரில் பெரும்பாலும் 37-540 என்றிருக்கும், சைக்கிள் 24-இல் கடைசி எண் 507. கடைசி எண் ஒத்துப்போனால்தான் வாங்க வேண்டும். சீமைக் கருவேல முள் இருக்கும் வரை பஞ்சர் தப்பாது, ஸ்பேர் டியூப் இரண்டு கைவசம் இருக்கட்டும். பஞ்சர் தொல்லைக்காகக் கெட்டி ரப்பர் டயர் போடும் பழக்கம் உண்டு. நாற்காலி கனக்கும், ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள் கூடுதலாக உழைக்கும். இனி வாழ்நாள் முழுக்க அவனுக்கு அந்தத் தோள்தான் காலும். காற்று டயரே போடுங்கள், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். தளர்ந்த டயர் நாற்காலியைக் கட்டி இழுப்பதற்குச் சமம்.

பின்னாலிருந்து தள்ளும் கைப்பிடிக்குத் தோள்பட்டையை உரசும் அளவுக்கு உயரம் இருந்தால் அதற்கும் ஃபோம் சுற்றுங்கள். கழற்றக் கூடிய கைத்தாங்கி என்றால் ஆட்டத்தின்போது கழற்றுங்கள். சட்டத்தோடு சேர்ந்த கைத்தாங்கியை அறுக்காதீர்கள், நாற்காலியே ஆட்டம் கண்டுவிடும்.

இப்போது ஆட்டம். உங்கள் சிமெண்ட் தரையில் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர் பேட்மிண்டன் கோர்ட் அப்படியே அடங்கும். நெட் உயரத்தை மாற்ற வேண்டாம். சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டம் நீளவாக்கில் பாதிக் கோர்ட்டில் நடக்கும். நெட்டை ஒட்டி, ஷார்ட் சர்வீஸ் கோட்டுக்கு முன்னால் விழும் பந்து அவுட். காரணம் எளிது: நாற்காலி முன்னும் பின்னும் நன்றாக ஓடும், பக்கவாட்டில் நகராது. நின்று ஆடும் பையனோடு மோதவிடும்போது வீல்சேர் பக்கத்தில் மட்டும் இந்த எல்லை. நிற்பவனுக்கும் அகலம் பாதிதான், ஆனால் நெட் வரை முழு நீளமும் அவன் பொறுப்பு. முதல் வாரம் ஆட்டமே வேண்டாம். ராக்கெட்டைக் கையில் பிடித்தபடி நான்கு தள்ளு முன்னால், நான்கு இழுப்பு பின்னால். பழகாதவர்கள் ராக்கெட்டை மடியில் வைத்துத் தள்ளுவார்கள், அது கீழே விழும். பிடியைக் கட்டைவிரல் இடுக்கில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் சக்கரத்தை ஒட்டியிருக்கும் தள்ளு வளையத்தைத் தள்ளப் பழக்குங்கள். வளையத்தில் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிச் சுற்றினால் வழுக்காது. சுற்றிய நுனியை ஒட்டாமல் விட்டால் விரலில் மாட்டும், கவனம்.

வளையப்பந்தையும் முயலுங்கள். ஏனோ இதை யாரும் நினைப்பதில்லை. கையில் மட்டை கிடையாது, வளையம் மெதுவாகவே வரும், ஒரு கையால் பிடித்து எறியும்போது மறு கை சக்கரத்தில் இருக்கலாம். நெட்டை மட்டும் பேட்மிண்டன் உயரத்துக்கு, 5 அடிக்கு, இறக்குங்கள். டேபிள் டென்னிஸ் மேசை இருந்தால் அதன் கால்கள் நுனியிலிருந்து குறைந்தது 40 செ.மீ. உள்ளே தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முட்டி இடித்துக்கொண்டே இருக்கும், அவனுக்கு அது தெரியாது.

உட்கார்ந்து ஆடும் வாலிபாலைப் பற்றிப் பலர் சொல்லியிருப்பார்கள். 10 மீட்டருக்கு 6 மீட்டர் கோர்ட், ஆண்களுக்கு 1.15 மீட்டர் நெட், எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஆடலாம். கால் இழந்தவர்களுக்கும் போலியோ பாதித்தவர்களுக்கும் அருமையான விளையாட்டு. உங்கள் பையனுக்கு வேண்டாம். உணர்ச்சியில்லாத இடுப்பைச் சிமெண்டில் தேய்த்தால் ஒரே மாலையில் தோல் உரியும், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், அதுவரை பள்ளிக்கே வர முடியாமல் குப்புறப் படுத்திருப்பான். கபடிக்குள் அவனைக் கொண்டுவரவும் வழி தேட வேண்டாம்.

குண்டு எறிதலில் இறக்கலாம். நாற்காலியின் பிரேக்கை நம்பி எறியவிடாதீர்கள். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், நாற்காலி எறியும் வேகத்தில் சரியும். நான்கு மூலையிலும் முளை அடித்து, லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டும் ரேட்செட் பெல்ட்டால் சட்டத்தைத் தரையோடு கட்டுங்கள். பிறகு எறியும் ஸ்டூல் செய்ய நினைத்தால், போட்டி விதிப்படி மெத்தையோடு சேர்த்து 75 செ.மீ.க்கு மேல் உயரம் கூடாது. விளையாட்டு விழாவில் இவனுக்குத் தனி நேரம் ஒதுக்காமல், மற்றவர்கள் எறியும் அதே வரிசையில் அவன் பெயரையும் கூப்பிடுங்கள்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இது தெரிந்திருக்காது: வெயிலில் நின்ற நாற்காலியின் கறுப்பு ரெக்சினிலும் இரும்பு ஃபுட்ரெஸ்ட்டிலும் உணர்ச்சியில்லாத தோல் பட்டால் வெந்துவிடும். நாற்காலி எப்போதும் நிழலில், இல்லாவிட்டால் ஈரத்துணி போட்டு மூடி. காலில் ஷூ இல்லாமல் ஆட்டம் கிடையாது. ஃபுட்ரெஸ்ட்டின் மேல் எம்.சி.ஆர். ரப்பர் ஒட்டுங்கள். உணர்ச்சியிழந்த பாதங்களுக்குக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் செருப்பு செய்யும் அதே மெத்து ரப்பர்தான். அரைக்கால் சட்டைக்குப் பின்பாக்கெட் இருக்கக் கூடாது. பாக்கெட்டில் கிடந்த ஒரு ரூபாய் நாணயம் புண்ணில் போய் முடியும்.

பீரியடுக்கு முன் கழிவறை. "தண்ணி குடிச்சா அவஸ்தை" என்று இவன் மாதிரிப் பிள்ளைகள் காலையிலிருந்து குடிக்காமலே இருப்பார்கள். அதனாலும் சிறுநீர்த் தொற்று வருகிறது, வெயிலில் மயக்கமும் வருகிறது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்டத்தை நிறுத்தி, மார்பு தொடையில் படும்படி முன்னால் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கட்டும். வீட்டில் அம்மா அன்றிரவே பின்புறத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணியில் மறையாவிட்டால், மறையும் வரை அவன் அதன்மேல் உட்காரவே கூடாது.

மாணவிக்குச் செலவு சொற்பம். மைதானத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம், அவள் இடுப்பு உயரத்தில் 8 மி.மீ. நைலான் கயிறு. கட்டுவதற்கு முன் அரை அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டைக் கோத்துவிடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு தனியாக முழு வேகத்தில் ஓடலாம். வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தால் உள்ளங்கை வெந்துபோகும். கயிறு நடுவில் தொய்ந்தால் அவள் உள்பக்கம் இழுபடுவாள், ரேட்செட் பெல்ட்டால் முறுக்கி நிறுத்துங்கள். ரொம்ப முக்கியம்: கம்பத்துக்கு 5 மீட்டர் முன்னால் ஒரு பெரிய முடிச்சு. குழாய் அங்கேயே தட்டி நிற்க வேண்டும். முடிச்சு இல்லாத கயிறு அவளை நேராகக் கம்பத்தில் கொண்டுபோய் மோதவிடும்.

துணையோடு ஓடுவது அடுத்த கட்டம். இழுபடாத கயிறு, இரு நுனியிலும் விரல் நுழையும் வளையம். போட்டி விதியில் நீட்டினால் 30 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. துணை ஓடும் மாணவி இவளைவிட வேகமானவளாக இருக்க வேண்டும், பேசிக்கொண்டே ஓடும் மூச்சு வேண்டும். கைவீச்சு சேர வேண்டும் என்பதால் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது, முடிவுக் கோட்டை இவளுக்கு முன் தாண்டக் கூடாது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், கடைசியில்தான் வேகம்.

கிரிக்கெட்டில் அவளைச் சேர்க்க, உள்ளே பேரிங் குண்டுகள் குலுங்கும் பிளாஸ்டிக் பந்து கிடைக்கும். வரும் வரை சாதாரணப் பந்தைச் சரசரக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஆடலாம். பந்து கைக்குக் கீழிருந்து உருட்டிப் போடப்பட்டு, பாதிப் பிட்சுக்கு முன்பே தரையில் பட வேண்டும். பவுலர் "ரெடியா?" என்று கேட்டு, அவள் பதில் சொன்ன பிறகு "பிளே" என்று சொல்லிக்கொண்டே பந்தை விட வேண்டும். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் முழுப் பார்வையிழந்தவர் எடுக்கும் ரன்னுக்கு இரட்டிப்பு மதிப்பு உண்டு, அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் கஷ்டம் பந்து இல்லை, கத்தும் கூட்டம்தான். பந்து கையை விட்டுப் போனதிலிருந்து மட்டையில் படும் வரை மைதானமே வாயை மூட வேண்டும். இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

சின்னவனுக்கு போச்சியா. வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் யார் தன் நிறப் பந்தைச் சேர்க்கிறார்கள் என்பதே ஆட்டம். சிவப்பு 6, நீலம் 6, வெள்ளை 1. கோர்ட் 12.5 மீட்டருக்கு 6 மீட்டர், அதுவும் உங்கள் சிமெண்ட் தரையில் அடங்கும். பந்து 275 கிராம், சுற்றளவு 27 செ.மீ. மெல்லிய தோலில் தைத்துத் தர நம் மாவட்டங்களில் ஆள் பஞ்சமில்லை. உள்ளே கேழ்வரகு, அரிசி வேண்டாம். ஈரத்தில் எடை ஏறும், வண்டு வரும். பிளாஸ்டிக் மணிகள் போட்டு, ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். கையால் எறிய முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், முடிந்தால் எறியட்டும். விரல் விரியவில்லை என்றால் சாய்தளம்: 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 5 அடி வாங்கி, நீளவாக்கில் பாதியாக அறுத்து, அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பந்து அதில் கச்சிதமாக உருளும். பழைய கேரம் ஸ்டாண்டின் மேல் சாய்த்து, எவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் எவ்வளவு தூரம் போகிறது என்று குழாயிலேயே மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளட்டும். குழாயைத் திருப்பிக் கொடுக்கும் தோழன் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அது சர்வதேச விதி, நல்ல விதியும்கூட. குறி வைப்பது அவன் வேலை, தோழன் வேலை அல்ல.

அவன் கால் அந்தரத்தில் தொங்கினால் கை விறைப்பு கூடும். பாதம் முழுதாகப் பதிய அடியில் பலகை போடுங்கள். இன்னொன்று, அவன் பக்கத்தில் திடீரென்று விசில் ஊதாதீர்கள். அவன் உடம்பே தூக்கிப் போடும், பந்து எங்கோ போகும். நீங்கள் கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஊதினால் போதும்.

மூன்று பேருக்கும் மூன்று மூலையில் மூன்று விளையாட்டு வைத்தால் வேப்பமரத்தடி மூன்றாகப் பெருகும், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு பீரியடாவது முழு வகுப்பும் போச்சியாவோ வளையப்பந்தோ ஆடட்டும். விதியைத் தளர்த்தும் முன் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் முடிவுசெய்த சலுகையை யாரும் "ஓசிப் பாயிண்ட்" என்று கிண்டல் செய்வதில்லை.

எச்.எம். கேட்டது நியாயமான கேள்வி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வியும் விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்று பள்ளியைத்தான் கேட்கிறது. பிரிவு 30 விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. ஆகவே ஒதுக்கி உட்காரவைப்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் சட்டத்தைக் காட்டி வாயை அடைக்காதீர்கள், மூன்று தாள்களைக் கொண்டுபோய்க் கொடுங்கள்: மருத்துவர் எழுதிய அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், நீங்கள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. எந்த ஆட்டம், எந்தத் தரை, யார் பக்கத்தில் நிற்பார், விழுந்தால் யாருக்கு முதல் போன் என்று அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்துக்குப் பாகாயத்துக்கே அனுப்புங்கள். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966-இல் எழுந்த மறுவாழ்வு நிலையம் அது, பையனின் பழைய தாள்களும் அங்கே இருக்கும். மறு பரிசோதனைக்குப் போகும் நாளில் நாற்காலியையும் எடுத்துப் போனால், நீங்கள் போட்ட பலகையையும் பெல்ட்டையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லிவிடுவார். வட்டார வள மையத்து இயன்முறை மருத்துவரையும் சிறப்புப் பயிற்றுநரையும் ஒரு நாள் பி.டி. பீரியடில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முதல் பருவத்தில் பாதிக்கு மேல் தொடாதீர்கள். மெத்தை, பெல்ட், குட்டிச் சக்கரம், டியூப், கயிறு, போச்சியா பந்து, சிமெண்ட் தரைக்கு ஏறச் சாய்தளம், இவ்வளவுதான் இப்போதைக்கு. படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. மேஸ்திரி அரை மீட்டரில் முடித்துவிடுகிறேன் என்பார், விடாதீர்கள். மிச்சத்தைப் பேங்கில் போட்டு வையுங்கள். மெத்தை நைவதும் பேரிங் தேய்வதும் அடுத்த வருடம் நிச்சயம். பையன் ஒரு வருடம் விடாமல் ஆடி, முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்குப் பெயர் கொடுக்கும் நிலைக்கு வந்தால், அப்போது ஸ்போர்ட்ஸ் வீல்சேர் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் மனு கொடுங்கள். அந்த மனுவோடு அவனுடைய இடுப்பளவு, தொடை நீளம், முட்டியிலிருந்து குதிகால் வரையான அளவு, எடை, அடிபட்ட எலும்பின் எண், எந்த விளையாட்டுக்கு என்பதையும் எழுதி இணையுங்கள். அளவு இல்லாமல் போகும் மனுவுக்கு வருவது இன்னொரு 18 அங்குல மடக்கு நாற்காலியாகத்தான் இருக்கும்.